திருவோணம் முடியும் வரை

கரண்ட் போய் மின்விசிறி நின்றதும், அதுவரை அதன் கடகடப்புக்குள் ஒளிந்திருந்த சத்தம் மேல்வீட்டிலிருந்து நேராகக் கீழே இறங்கியது. தனபாக்கியம் கண்ணைத் திறக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்துத் தரையில் கையை மடித்துத் தலைக்குக் கொடுத்துப் படுப்பது ஓய்வுபெற்ற நாளிலிருந்து பழக்கம், தரையின் குளுமை முதுகில் ஏறும், கொஞ்ச நேரத்தில் தூக்கம் வந்துவிடும், இன்றைக்கு வரவில்லை, வராது என்று தெரிந்தும் படுத்திருந்தாள். ஒரு இழுப்பு. குழாயில் தண்ணீர் தீர்ந்து காற்று வரும்போது கேட்குமே, அது மாதிரி ஒரு களகளப்பு. பிறகு ஒன்றுமில்லை. பிறகும் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி இழுப்பு. அந்த இடைவெளியில் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, வேண்டுமென்றே பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். கூடத்துக்கு நேர் மேலேதான், மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிற வெள்ளைச்சாமி படுத்திருக்கிற அறை. கட்டும்போது கொத்தனார் கேட்டார், மாடியில் படுக்கையறையைப் பின்பக்கம் தள்ளிவிடலாமா, காற்று வரும் என்று. வேண்டாம், கீழே இருக்கிற சுவருக்கு மேலேயே சுவர் வரட்டும், பின்னால் விரிசல் விட்டால் யார் பார்ப்பது என்று சொன்னவள் இவள்தான். சுவருக்கு மேல் சுவர் உட்கார்ந்தது. விரிசல் விடவில்லை. சத்தம் மட்டும் வருகிறது. கண்ணைத் திறந்தால் எதிர்ச்சுவரில் தினத்தாள் காலண்டர் தெரியும், காலையில் தாளைக் கிழித்தபோது படித்தது போதும், திருவோணம் மாலை நாலரை வரை, பின்பு அவிட்டம், அதை மறுபடி படிக்க வேண்டியதில்லை, ஆனாலும் திறந்தாள், படித்தாள். அதற்கு மேலே கடிகாரம். இரண்டு இருபது.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளுக்கு அந்தச் சத்தத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்கள் மெடிக்கல் வார்டில் ராத்திரி டூட்டிக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, எந்தப் பக்கத்துக் கட்டில் என்று பார்க்காமலே, சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாள், இவர் விடியிறவரைக்கும் தாங்குவார், இவர் தாங்க மாட்டார். கூட வேலை பார்த்த பிள்ளைகள் அதை ஒரு வித்தை மாதிரி வேடிக்கை பார்த்தார்கள். வித்தை ஒன்றுமில்லை. தொண்டையில் சேருகிற கோழையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் போகும்போது வருகிற சத்தம் அது, மல்லாக்கப் படுத்திருந்தால் கூடும், ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்து, விரலில் துணியைச் சுற்றி வாயைத் துடைத்துவிட்டால் குறையும், ஆள் இன்னும் சில மணி நேரம் ஓடுவார், சில பேர் ஒரு ராத்திரி முழுக்கக்கூட ஓடியிருக்கிறார்கள். மல்லாக்கத்தான் படுத்திருக்கிறார். சத்தத்திலேயே தெரிகிறது. செண்பகத்துக்கு அது தெரியாது. புருஷன் நேராகப் படுத்திருந்தால் வசதி என்று நினைத்திருப்பாள், காலை நீட்டிவிட்டு, வேட்டியைச் சரிசெய்து, தலைக்கு ஒரு தலையணை வைத்து. அப்புறம் பால். பாலை நினைத்ததும் தனபாக்கியம் புரண்டு படுத்தாள். மத்தியானம் பன்னிரண்டு மணி சுமாருக்கு மாடிப்படியின் பாதியில் நின்று செண்பகம் கேட்டாள், "அக்கா, நேத்திலேருந்து பச்சத் தண்ணி உள்ள போகல. கொஞ்சம் பால் குடுக்கட்டுமா?" இவள் அப்போது கொடியில் துண்டு உலர்த்திக்கொண்டிருந்தாள். முதுகுதான் செண்பகத்துக்குத் தெரிந்திருக்கும். "குடுங்க," என்றாள். வெறும் குடுங்க என்றா சொன்னோம், பாத்துக் குடுங்க என்று சொன்னோமா. பாத்து என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால் அது வேறு. ஸ்பூனிலே கொஞ்சம் கொஞ்சமா, என்று கூடச் சொன்ன ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது செண்பகம் கேட்டதா இவள் சொன்னதா. "ஸ்பூன்லதானேக்கா?" என்று அவள் கேட்டு, "ஆமா" என்று இவள் சொல்லியிருக்கலாம். இந்த நிலையில் இருக்கிறவருக்குப் பால் நெஞ்சுக்குள்ளேதான் இறங்கும், வயிற்றுக்குள் இறங்காது என்று நர்சிங் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வார்டில் எத்தனை பேரின் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கியிருக்கிறாள். எத்தனை மகன்களைத் திட்டியிருக்கிறாள். துண்டைக் கொடியில் போட்டு, இரண்டு நுனியையும் சமமாக இழுத்துவிட்டு, கிளிப் மாட்டி, அதற்குப் பிறகுதான் திரும்பினாள். செண்பகம் மேலே போயிருந்தாள்.

அதை வேண்டுமென்று சொன்னோமா. வேண்டுமென்று சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. அடுத்த இழுப்பு வர நேரமானது, தனபாக்கியம் எண்ண ஆரம்பித்து, எண்ணுவதை நிறுத்தி, வங்கி மேனேஜரின் மேஜையை நினைத்துக்கொண்டாள், கண்ணாடிக்கு அடியில் சாமி படங்கள் வைத்த மேஜை. மாடி கட்டுவதற்குக் கடன் கேட்டுப் போனபோது அந்த மனுஷர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார், "வாடகை வந்தாத்தான் தவணை கட்ட முடியும்ங்கிறீங்க. எதிர்பாராம ஏதாவது ஆச்சுன்னா என்னம்மா செய்வீங்க?" அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் மாதிரி இவள் சொன்னாள். ஒரு ஆள் காலி செய்து அடுத்த ஆள் வரும்வரை மூன்று மாசம் தாங்குகிற பணம் தனியாகப் போட்டிருக்கிறேன். மோட்டார் எரிந்தால் அதற்குத் தனி. மழைக்கு ஒழுகினால் அதற்குத் தனி. தீ, வெள்ளம் இரண்டுக்கும் இன்ஷூரன்ஸ். ஒப்பந்தம் பதினொரு மாசத்துக்குத்தான், பத்திரத்தில் எழுதி. வாடகை தராமல் இழுத்தடித்தால் அட்வான்ஸில் கழிக்கலாம், காலி செய்ய மறுத்தால் அதற்கும் வக்கீல் பார்த்து வைத்திருக்கிறேன். மேனேஜர் சிரித்தார், உங்களை மாதிரி எல்லாரும் யோசிச்சா எங்களுக்கு வேலை சுலபம் என்றார். அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது, பெருமையாக இருந்தது. அது வார்டில் எமர்ஜென்சி டிரேயை அடுக்கி வைக்கிற பெருமை. டூட்டிக்கு வந்ததும் மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள், இவள் டிரேயைத் திறந்து ஒவ்வொரு ஊசி மருந்தையும் தொட்டுப் பார்ப்பாள், டார்ச்சை அடித்துப் பார்ப்பாள், யாருக்கு எப்போது என்ன ஆனாலும் கை நீட்டிய இடத்தில் பொருள் இருக்க வேண்டும். தனி ஆளாக வாழ்கிறவளுக்கு அதுதான் பலம். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, தம்பி மகன் ஒருவன் இருக்கிறான், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் பண்ணுவான், நல்லா இருக்கீங்களா அத்தை என்பான், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் வேறு யாருடனோ பேச ஆரம்பித்துவிடுவான். படுக்கையில் விழுந்தால் பார்க்க ஆள் வைக்க வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும், பென்ஷன் மருந்துக்கே சரியாகிவிடும். மாடியின் வாடகைதான் அந்தச் சம்பளம். தவணை தீர்ந்த பிறகு அப்படியே அது இவளைத் தூக்கி உட்கார வைக்கும், குளிப்பாட்டும், மலஜலம் எடுக்கும். முகம் தெரியாத அந்த ஆயாவை அவள் பல தடவை கற்பனை செய்து பார்த்திருக்கிறாள், கை சொரசொரப்பாக இருக்கும், வாயில் வெற்றிலை இருக்கும், கோபக்காரியாக இருந்தாலும் பரவாயில்லை, நேரத்துக்கு வந்தால் போதும்.

அடைப்பு என்கிற வார்த்தை மட்டும் மேனேஜருக்கும் தெரியவில்லை, இவளுக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. அதைச் சொன்னவர் வீட்டுப் புரோக்கர் நவநீதன். போன வாரம் வெள்ளைச்சாமியை ஆஸ்பத்திரியிலிருந்து, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டதும், தெருவில் யார் சொன்னார்களோ, மறுநாளே பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினார். "சிஸ்டர், நேரடியா சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவுங்கள வேற எங்கயாவது தனியார் ஆஸ்பத்திரிக்கு மாத்தச் சொல்லிருங்க. வீட்டுக்குள்ள ஆச்சுன்னா உங்களுக்குக் கஷ்டம்." எல்லா வீட்டிலும்தான் சாகிறார்கள் என்று இவள் சொன்னாள். "சொந்த வீட்டுல சாகலாம். வாடகை வீட்டுல செத்தா அடுத்தவன் வரமாட்டான். அதுலயும் நட்சத்திரம் இருக்கு பாருங்க. அவிட்டத்துல ஆச்சுன்னா ஆறு மாசம் வீடு அடைப்பு. பூட்டி வைக்கணும், யாரும் புழங்கக் கூடாது. மூணாவது தெருவுல நீலப் பெயிண்டு அடிச்ச வீடு, அது அப்படித்தான். ஆறு மாசம் முடிஞ்சும் போன தை வரைக்கும் நான் பத்துப் பேரக் கூட்டிட்டுப் போனேன், பத்துப் பேரும் பக்கத்துக் கடையில விசாரிச்சிட்டு ஓடிட்டாங்க." எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்றாள். "உங்களுக்கு இல்ல. வாடகைக்கு வர்றவனுக்கு இருக்கே," என்றார் நவநீதன். அவ்வளவுதான், பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார். ஆனால் அன்றையிலிருந்து தினத்தாளைக் கிழிக்கும்போது இதுவரை பார்த்தே இராத ஒரு மூலையை அவள் கண் தேடியது. பூராடம். உத்திராடம். திருவோணம். அவிட்டத்தில் ஆரம்பித்தால் ரேவதி முடியும்வரை ஐந்து நாளும் அப்படித்தானாம், எல்லாமே ஆறு மாசம். இந்த மூச்சு ஐந்து நாளைத் தாண்டி ஓடுகிற மூச்சில்லை. ஐந்து நாளுக்குள்தான் எங்கேயோ நிற்கும். அல்லது அதற்கு முன்னால், நாலரைக்கு முன்னால். அப்படி நினைத்ததும் இவளுக்குள் ஏதோ ஒன்று பதறி எழுந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாள், ஒன்றும் எழவில்லை. நாலரைக்கு முன்னால் முடிந்தால் எல்லாருக்கும் நல்லது என்று மறுபடி நினைத்துப் பார்த்தாள், அவருக்கும்தான், அந்த மனுஷர் என்ன சுகத்தை அனுபவிக்கிறார். எல்லாருக்கும் நல்லது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் இதே வார்த்தையைச் சொல்லக் கேட்டிருக்கிறாள், கேட்டுவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்திருக்கிறாள், உள்ளுக்குள் காறித் துப்பியிருக்கிறாள். மாற்றச் சொல்லி நவநீதன் சொன்னதைச் செண்பகத்திடம் சொல்லவில்லையே, அது ஒன்று இருக்கிறது. சொல்லலாம் என்று இரண்டு தடவை படியேறிப் பாதியில் இறங்கியிருக்கிறாள். சொல்லாமல் இருந்தது நல்ல குணமா, சொல்ல வாய் கூசியதா. சொல்லியிருந்தால் இப்போது இந்தச் சத்தம் வேறு யாருடைய கூரைக்கோ போயிருக்கும்.

மேலே போன் அடித்தது. செண்பகத்தின் குரல், அடக்கிப் பேசினாலும் கரண்ட் இல்லாத மதியத்தில் எல்லாம் கேட்டது. "எங்கப்பா வர்ற? திருச்சி தாண்டலையா? ஆறு மணி ஆகிருமா? ஆகட்டும், ஆகட்டும், டிரைவர வேகமா ஓட்டச் சொல்லாத. இருக்காரு. இருக்காருப்பா. நீ வர்ற வரைக்கும் இருப்பாரு." மகன் தென்னவன். புனேயில் வேலை, காலையில் விமானத்தில் சென்னைக்கு வந்து அங்கிருந்து கார் பிடித்திருக்கிறான். குடிவந்த புதிதில் ஒரு தடவை வந்திருந்தான், தண்ணீர்த் தொட்டியின் மூடி சரியாக உட்காரவில்லை என்று இவளைக் கேட்காமலே அதற்குக் கல் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். ஆறு மணி. நாலரை. தனபாக்கியம் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு நேரங்களும் இரண்டு பக்கமும் நின்றன, நடுவில் மல்லாக்கப் படுத்த ஒரு மனுஷர். மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் நாலரையைத் தாண்ட வேண்டும். நாலரையைத் தாண்டினால் வீடு அடைப்பு. இதில் தான் செய்வதற்கு என்ன இருக்கிறது, எதுவும் இல்லை, நான் டாக்டரா, என்னை யாராவது கூப்பிட்டார்களா, கூப்பிட்டால் போவேன், கூப்பிடாமல் எப்படி. கூப்பிடவில்லையா. பால் கொடுக்கட்டுமா என்று கேட்டது என்ன. அது பாலைப் பற்றிக் கேட்டது. ஒரு நர்ஸைப் பார்த்துப் பாலைப் பற்றிக் கேட்டால் அது வெறும் பாலைப் பற்றித்தானா. புடவை முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். கை தன்பாட்டுக்கு வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாக ஒரு அரைவட்டம் போட்டது, ஒரு கை தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில், ஒரு தம் பிடித்து உங்கள் பக்கமாக இழுக்க வேண்டும், அப்படித்தான் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள், ஆள் எவ்வளவு கனமாக இருந்தாலும் திரும்பிவிடுவார், பலம் வேண்டாம், பழக்கம் வேண்டும். அவர் எலும்பாக இருக்கிறார். ஒரு கையால் திருப்பிவிடலாம்.

ஒரு தடவை ஒரு கிழவிக்கு அப்படிச் செய்திருக்கிறாள். பெயர் மறந்துவிட்டது, உசிலம்பட்டிப் பக்கம், பாம்படம் போட்ட காது, மகளைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று பேச்சு நிற்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. பேச்சு நின்ற பிறகு ராத்திரி முழுக்க இவள் அந்தக் கட்டிலைவிட்டு நகரவில்லை, ஒரு பக்கம் திருப்பி, மறுபக்கம் திருப்பி, பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றி, வாயில் சேர்ந்ததை எடுத்து எடுத்து. விடிந்து மகள் வந்தாள். கிழவிக்குக் கண் திறக்கவில்லை, ஆனால் மகள் கையைப் பிடித்ததும் புருவம் அசைந்தது, அசைந்ததை இவள் பார்த்தாள். அந்த மகள் போகும்போது இவள் காலைத் தொடக் குனிந்தாள், இவள் விலகிக்கொண்டாள். அது என்ன கணக்கு, யாருக்கு என்ன லாபம், ஒன்றுமில்லை, அதைச் செய்யாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அப்போது முடியவில்லை, இப்போது முடிகிறது. இடையில் என்ன ஆயிற்று. வயசாயிற்று. மாடி கட்டியாயிற்று. தனபாக்கியம் எழுந்து பின்பக்கம் போனாள். சமையலறையில் கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் மேலே கேட்கவில்லை. குழாயை மூடினால் கேட்டது. திறந்தாள். சட்டியின் அடியில் இல்லாத கரியைத் தேய்த்தாள். ஆறு மாசம் அடைப்பு என்றால் மூன்று மாசத்துக்குத்தான் பணம் இருக்கிறது, மிச்சத்துக்குப் பென்ஷனிலிருந்து தவணை, அப்படியானால் கண் ஆபரேஷன் தள்ளிப்போகும், தள்ளிப்போனால் பரவாயில்லை, ஆறு மாசத்துக்குப் பிறகும் ஆள் வராவிட்டால், அந்த நீல வீடு மாதிரி. அந்த வீட்டு வாசலில் ஒரு எருக்கஞ்செடி முளைத்து இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. அந்த வீட்டின் சொந்தக்காரரை இவளுக்குத் தெரியும், ரேஷன் கடையில் பார்ப்பாள், இப்போதெல்லாம் யாரிடமும் பேசுவதில்லை. குழாயை மூடினாள். இழுப்பு, களகளப்பு. இடைவெளி முன்பைவிட நீளம். கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து மாடிப்படிக்கு முன்னால் நின்றாள். முதல் படியில் வெயில் விழுந்து கிடந்தது, வெறுங்காலை வைத்ததும் சுட்டது, எடுத்துக்கொண்டாள். செருப்பைப் போட்டுக்கொள்ள உள்ளே போனாள். செருப்பு வாசலிலேயே இருந்தது, அதைத் தாண்டித்தான் உள்ளே போனாள் என்பது கூடத்துக்கு வந்த பிறகு தெரிந்தது, தெரிந்தும் உட்கார்ந்தாள். மூன்று நாற்பது. ஐந்து நிமிஷம் கழித்துப் போகலாம். கரண்ட் வரட்டும், வந்ததும் போகலாம், இருட்டு அறையில் போய் என்ன பார்ப்பது. மேலே ஸ்பூன் டம்ளரில் இடிக்கிற சத்தம் கேட்டது, மெல்லிய சத்தம், கோவிலில் எங்கோ தூரத்தில் மணி ஆட்டுவது மாதிரி, மூன்று தடவை, நான்கு தடவை. தனபாக்கியம் தன் வாய்க்குள் நாக்கைத் தூக்கி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டாள். ஒரு இருமல் மாதிரி வந்தது, இருமல் இல்லை, இருமுவதற்கு அவரிடம் பலமில்லை. பிறகு இழுப்பு ஒன்று, மிகச் சின்னது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள். மின்விசிறி சட்டென்று சுற்ற ஆரம்பித்தது, அதன் கடகடப்பு எல்லாவற்றையும் மூடியது, ஒரு கணம் ஆறுதலாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது, எழுந்து ஓடி சுவிட்சை அணைத்தாள். மின்விசிறி மெதுவாக, மிக மெதுவாக நின்றது. மேலே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. கடிகாரம் மட்டும்.

"அக்கா." செண்பகத்தின் குரல் படியிலிருந்து வந்தது, கத்தவில்லை, உப்பு கேட்க வருகிறவள் மாதிரி. "அக்கா, கொஞ்சம் மேல வாங்களேன். தூங்கிட்டாரா என்னண்டு தெரியல." தனபாக்கியம் படியேறினாள். வெயில் சுட்டது, இப்போது காலை எடுக்கவில்லை. அறையில் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள். அவர் மல்லாக்கக் கிடந்தார், வேட்டி ஒழுங்காக மடித்து விடப்பட்டிருந்தது, நெற்றியில் புதிதாகத் திருநீறு, வாயின் ஓரத்திலிருந்து காதுக்கு அடி வரை பால் ஒரு கோடாக வழிந்து தலையணையில் பரவியிருந்தது. கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். வைக்காமலே தெரியும், ஆனாலும் வைத்தாள், எடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தாள், உடம்பு இன்னும் சூடாக இருந்தது, அவர் இப்போதுதான், இந்தக் கட்டிலில், இவள் சுவிட்சை அணைத்தபோதோ அதற்கு முன்னாலோ. இமையைத் தூக்கிப் பார்த்தாள். செண்பகம் கட்டிலின் மறுபக்கம் நின்று இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இடது கையில் இன்னும் அந்த ஸ்பூன் இருந்தது. "போயிட்டாரு," என்றாள் தனபாக்கியம். வார்டில் சொல்கிற அதே குரலில்தான் வந்தது. செண்பகம் உடனே அழவில்லை. திரும்பிச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். இங்கேயும் அதே தினத்தாள் காலண்டர், ஒரே மளிகைக் கடையில் கொடுத்தது. "மணி நாலு ஆகலையேக்கா? ஆகல. திருவோணம்தான். நானும் காலைலேருந்து கும்பிட்டுக்கிட்டே இருந்தேன், இந்த மனுஷன் உங்க வீட்டுக்கு ஒரு கெடுதல் வச்சிட்டுப் போயிரக் கூடாதுண்டு. புண்ணியவாளன், நல்ல நேரம் பாத்துத்தான் போயிருக்காரு." அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகம் கோணியது, ஸ்பூனைக் கீழே போட்டாள், கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தனபாக்கியம் வாயைத் துடைத்தாள். துணியை விரலில் சுற்றிக் கன்னத்துக்கு உட்பக்கம் விட்டுத் துடைத்தபோது பால் நிறைய வந்தது. துடைத்துக்கொண்டே இருந்தாள். தாடையை மூடித் துணியால் கட்டினாள், கண்ணை மூடினாள், கையை நேராக்கினாள், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள், எல்லாம் சரியாக, ஒன்றும் விடாமல்.

அந்த முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தபோதே வாசலில் கார் வந்து நின்றது. கதவு சாத்தும் சத்தம், படியில் இரண்டு இரண்டாகத் தாவி ஏறுகிற காலடி. தென்னவன் வாசற்படியில் நின்றான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தாய் அழுத அழுகையிலிருந்தே அவனுக்குத் தெரிந்துவிட்டது. "டிரைவர் நூத்திருவதுல வந்தான்மா," என்றான் யாரிடமோ சொல்வது மாதிரி, "திருச்சி தாண்டினதும் நூத்திருவது," பிறகு போய் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், தலையை அந்தக் கட்டிய பெருவிரல்கள்மேல் வைத்தான். தனபாக்கியம் சுவரில் சாய்ந்து நின்றாள். எதிரே கடிகாரம் நாலு பத்து காட்டியது. அதை அவள் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாலு பத்து. திருவோணம் இன்னும் முடியவில்லை. ஆறு மணி என்றது நாலு பத்தாகிவிட்டது. ஒரு பக்கம் திருப்பிப் படுக்க வைத்திருந்தால். இருபது நிமிஷம்தான். மகனும் பார்த்திருப்பான், நட்சத்திரமும் தாண்டியிருக்காது, இரண்டும் நடந்திருக்கும், இரண்டுக்கும் இடம் இருந்திருக்கிறது. மனசு அந்த இடத்தில் போய் முட்டியது, திரும்பி வந்தது, மறுபடி போய் முட்டியது.

கீழே அக்கம்பக்கத்துப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். யாரோ நாற்காலி கேட்டார்கள், யாரோ ஐஸ்பெட்டிக்குப் போன் பண்ணினார்கள். தனபாக்கியம் இறங்கப் போனபோது தென்னவன் பின்னாலேயே வந்து படியின் தலைப்பில் அவளை நிறுத்தினான். முகத்தைக் கழுவியிருந்தான், கண் மட்டும் சிவந்திருந்தது.

"பெரியம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுப்பா."

"இந்த வீட்டுக்கு வர்றப்பவே அப்பாவுக்கு நுரையீரல்ல இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். சொன்னா யாரும் வீடு தர மாட்டாங்கன்னு மறைச்சுட்டோம். நாலு வீடு பாத்தோம், எல்லாமே இதவிட வாடகை கம்மி. கீழ ஒரு நர்ஸம்மா இருக்காங்கன்னு புரோக்கர் சொன்னதும் அம்மாதான் ஒத்தக் கால்ல நின்னாங்க, எடுத்தா இந்த வீடுதான்னு. நான் தூரத்துல இருக்கேன், திடீர்னு ஏதாவது ஆச்சுன்னா அவங்க இருப்பாங்கன்னு. அந்தத் தைரியத்துலதான் நான் புனேல தூங்கினேன்."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கும் காரியம் பூரா நீங்கதான் செஞ்சீங்கன்னு அம்மா சொன்னாங்க. பாலுகூட உங்களக் கேட்டுட்டுத்தான் குடுத்தாங்களாம்." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பதினாறு முடிஞ்சதும் நான் போயாகணும். அம்மா என்கூட வர மாட்டாங்க, அந்த ஊரு அவங்களுக்கு ஒத்துக்காது. இங்கயே இருக்கட்டுமா? வாடகை ஒரு மாசம்கூடத் தவறாது, நான் நேரா உங்க அக்கவுண்டுக்கே போட்டுருவேன். அவங்களுக்கும் சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு. நீங்க கீழ இருக்கீங்கன்னா எனக்குப் போதும்."

அறைக்குள்ளிருந்து செண்பகம் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது, கூடப்பொறந்த பொறப்பு மாதிரி, கூடப்பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா. தனபாக்கியத்துக்குக் கீழே தன் கூடம் தெரிந்தது, அந்தத் தரை, இன்றைக்குப் படுத்த இடம், நாளைக்கும் படுக்கப் போகிற இடம், அதற்கு நேர் மேலே இந்த அறையில் நடக்கப் போகிற காலடி, ஒவ்வொரு மதியமும், எத்தனை வருஷமோ. தென்னவன் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தான். வெயில் முகத்தில் விழ, அவன் கண்ணைச் சுருக்கியிருந்தான்.

"இருக்கட்டும்ப்பா," என்றாள்.

அவன் குனிந்து அவள் காலைத் தொட்டான். விலகுவதற்குப் படியில் இடம் இல்லை.